மகள் அமெரிக்காவில், மகன் ஜெர்மனியில்: நெல்லையிலிருந்து கிளம்பும் பெற்றோருக்கு

நம்ம பக்கத்தில் "பையன் வெளிநாட்டில் இருக்கான்" என்று சொன்னால் போதும், எந்த நாடு என்று யாரும் மெனக்கெட்டுக் கேட்பதில்லை. டல்லாஸும் வெளிநாடு, ஸ்டுட்கார்ட்டும் வெளிநாடு. மகளைப் பார்க்க அமெரிக்கா போய் வந்த அண்ணாச்சி, அப்புறம் மகனைப் பார்க்க ஜெர்மனி கிளம்பும்போது "அதான் ஒரு தடவை பார்த்துட்டோமே" என்று அதே பெட்டியைக் கட்டிக்கொண்டு அதே நினைப்போடு விமானம் ஏறுகிறார். போய் இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே பால் வாங்கக் கடை தேடி அலைகிறார்.

இரண்டு இடத்திலும் பிள்ளைகள் வீட்டில் தங்கிப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான். அமெரிக்காவில் எல்லாம் உங்கள் கையில். நினைத்த நேரத்தில் நினைத்தது கிடைக்கும், ஆனால் அதற்குக் காரும் காசும் வேண்டும், எதையும் நீங்களேதான் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவில் ஊர் கூடி ஒரு நேரமும் ஒரு ஒழுங்கும் வைத்திருக்கிறது, அதற்குள் அடங்கிப் போனால் சுகமாக இருக்கலாம், முரண்டு பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ஐரோப்பா என்றால் நான் பெரும்பாலும் ஜெர்மனியைத்தான் சொல்கிறேன், இத்தாலியும் ஸ்பெயினும் கொஞ்சம் நம்ம மாதிரி, சத்தமும் உண்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் சாப்பாடும்.

விசாவும் நாள் கணக்கும்

அமெரிக்க விசிட்டர் விசா நமக்குப் பெரும்பாலும் பத்து வருடத்துக்குத் தருகிறார்கள். அதற்காகப் பத்து வருடம் உட்கார முடியாது. போய் இறங்கும்போது அதிகாரி எந்தத் தேதி வரை அனுமதி தருகிறாரோ அதுதான் கணக்கு, சாதாரணமாக ஆறு மாதம். ஜெர்மனி உட்பட ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒன்றாகத் தருகிற ஷெங்கன் விசா வேறு வகை: எந்த 180 நாளை எடுத்துப் பார்த்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. இறங்கிய நாளும் கிளம்பிய நாளும் கணக்கில் சேரும். "மூன்று மாதம்" என்று வாய்க்கணக்குப் போட்டு டிக்கெட் எடுக்காதீர்கள், ஜூலை, ஆகஸ்ட் இரண்டுமே 31 நாள் உள்ள மாதங்கள், அதிலேயே கணக்கு தவறிவிடும். 2025 அக்டோபரிலிருந்து கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் பதிகிற முறையைக் கொண்டுவந்துவிட்டார்கள், பாஸ்போர்ட்டில் முத்திரை சரியாக விழவில்லை என்று சமாளிக்கிற காலம் போய்விட்டது.

இதனால் மருமகளின் பிரசவத்துக்காக ஜெர்மனி போகிறவர்கள் நன்றாக யோசித்துத் தேதி வைக்க வேண்டும். வளைகாப்பு முடிந்த கையோடு போய் உட்கார்ந்துவிட்டால், பிள்ளை பிறந்து அம்மாவுக்கு நிஜமாகவே ஆள் தேவைப்படுகிற நேரத்தில் நீங்கள் கிளம்பவேண்டி வரும். குறித்த தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் போனால் போதும். அங்கே மருமகளுக்குப் பிரசவத்துக்கு முன் ஆறு வாரம், பின் எட்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படியே உண்டு, மகனும் பிள்ளை வளர்க்க விடுப்பு எடுக்கலாம். வீட்டில் கை இருக்கும். அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் பொதுவான அப்படி ஒரு சம்பள விடுப்புச் சட்டம் கிடையாது. 1993இல் வந்த சட்டம் பன்னிரண்டு வாரம் வேலை போகாமல் காப்பாற்றும், சம்பளம் தராது, சின்ன கம்பெனிகளுக்கு அதுவும் பொருந்தாது. சில மாநிலங்களும் சில நல்ல கம்பெனிகளும் தாங்களாகத் தருகின்றன. எனவே அங்கே பாட்டி போய் நிற்பது பாசம் மட்டுமில்லை, தேவையும் கூட. ஆறு மாதத்தை அங்கே முழுசாகச் செலவழியுங்கள்.

பெட்டிக்குள் என்ன

முதலில் மிக்ஸி. நம்ம வீட்டு மின்சாரம் 230 வோல்ட், ஐரோப்பாவிலும் அதேதான். நம்ம மிக்ஸி ஜெர்மனியில் அப்படியே ஓடும், பிளக் மட்டும் பொருந்தாது, ஒரு அடாப்டர் வாங்கினால் தீர்ந்தது. அமெரிக்காவில் 120 வோல்ட். அங்கே நம்ம மிக்ஸி முக்கும் முனகும், சட்னி அரையாது. அங்குள்ள இந்தியக் கடைகளில் 110 வோல்ட்டுக்கென்றே செய்த நம்ம ஊர் மிக்ஸியும் கிரைண்டரும் கிடைக்கின்றன, அதை மகள் ஏற்கெனவே வாங்கியிருப்பாள். செல்போன் சார்ஜரைப் பற்றிக் கவலையே வேண்டாம், அதில் 100–240 என்று அச்சடித்திருக்கும், இரண்டு இடத்துக்கும் ஆகும்.

குக்கர் கொண்டுபோகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஜெர்மனியில் அடுப்பு பெரும்பாலும் கண்ணாடிப் பலகை மாதிரி வழவழப்பாக இருக்கும், அதுவும் இண்டக்‌ஷனாக இருந்தால் அலுமினியக் குக்கர் சூடே ஏறாது. ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்றை எடுத்துக் குக்கர் அடியில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் கட்டலாம். இரும்புத் தோசைக்கல் வேலை செய்யும், ஆனால் அதைக் கண்ணாடி மேல் இழுத்தால் கீறல் விழும், வீட்டைக் காலி பண்ணும்போது அந்தக் கீறலுக்கு உங்கள் மகன்தான் காசு கட்டுவான்.

சாப்பாட்டுச் சாமான் விஷயத்தில்தான் நம்ம ஆட்கள் துணிந்து இறங்குகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் பயணிகள் கையில் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் இதில் வந்துவிடும். வேடிக்கை என்னவென்றால் கருவாட்டுக்குத் தடையில்லை, ஆளுக்கு 20 கிலோ வரை மீன் வகை கொண்டுபோகலாம். தூத்துக்குடிக் கருவாட்டைத் தாராளமாகக் கட்டலாம், பெட்டியில் கூட இருக்கிற பட்டுச்சேலையின் கதிக்கு நான் பொறுப்பில்லை. கறிவேப்பிலையை இரண்டு ஊருக்கும் கொண்டுபோகாதீர்கள். அமெரிக்காவில் அதோடு வரும் ஒரு பூச்சி எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்புகிறது என்று கடுமையாகப் பார்க்கிறார்கள், ஐரோப்பாவில் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். அமெரிக்காவுக்குப் போகும்போது எந்தச் சாப்பாட்டுச் சாமான் இருந்தாலும் "இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் கூடாததை எடுத்துப் போட்டுவிட்டு அனுப்புவார்கள். மறைத்தால் அபராதம்.

துபாய், அபுதாபி வழியாகப் போகிறவர்கள் மசாலாப் பொட்டலத்தில் கசகசா வைக்கவே வைக்காதீர்கள். நமக்கு அது குருமாவுக்குப் போடுகிற சாமான், அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். நெய் ஊற்றிக் கிண்டிய அல்வாவை விமானம் ஏறும் முன் இங்கேயே நாலு கை சாப்பிட்டுவிடுவது உத்தமம்.

தாளிப்பும் ஜன்னலும்

அமெரிக்க வீடுகள் பலவற்றில் அடுக்களையும் கூடமும் ஒன்றாகத் திறந்து கிடக்கும், பக்கத்திலேயே கூரையில் வெள்ளையாக வட்டமாகப் புகை அலாரம். நீங்கள் எண்ணெய் காய வைத்து, கடுகு போட்டு, மிளகாய் வத்தலைக் கிள்ளிப் போடுகிற அந்த நொடியில் அது காது கிழிய அலறும். பதற வேண்டாம். தாளிப்பதற்கு முன்பே அடுப்புக்கு மேலே உள்ள ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள், ஜன்னலைத் திறங்கள், வத்தலைக் கடைசியில் அடுப்பைக் குறைத்துவிட்டுப் போடுங்கள். அலறிவிட்டால் ஒரு துண்டை எடுத்து அலாரத்துக்குக் கீழே விசிறுங்கள். அதைக் கழற்றி வைக்கச் சொல்லாதீர்கள், மர வீட்டில் நெருப்பு வந்தால் உயிரைக் காப்பது அதுதான்.

ஜெர்மனியில் புகை அலாரம் படுக்கையறையிலும் நடையிலும் கட்டாயம், அடுக்களையில் இல்லை. அங்கே பிரச்சினை ஆவி. சோறு வடிக்கிற ஆவி, குளிக்கிற ஆவி, உள்ளே காயப் போட்ட துணியின் ஈரம் எல்லாம் சேர்ந்து சுவரில் பூஞ்சைக் கறுப்பு பிடிக்கும். அதனால் பனிக்காலத்திலும் காலையும் மாலையும் ஜன்னலை முழுக்கத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்று விடுவது அங்கே ஊர் வழக்கம், சில வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். ஜன்னல் கைப்பிடி கீழ் நோக்கி இருந்தால் மூடியிருக்கிறது, படுக்கை வாட்டில் திருப்பினால் கதவு மாதிரி உள்பக்கம் திறக்கும், மேல் நோக்கித் திருப்பினால் மேல்பகுதி மட்டும் சரிந்து இடைவெளி விடும். முதல் தடவை சரியும்போது ஜன்னல் பெயர்ந்து தலையில் விழப்போகிறது என்றுதான் தோன்றும். விழாது.

துணி காயப்போடுவதும் நேர் எதிர். ஜெர்மனியில் பால்கனியில் ஒரு கம்பி ஸ்டாண்டு விரித்துக் காயப்போடுவது சகஜம். அமெரிக்காவில் பல குடியிருப்புச் சங்கங்கள் வெளியே துணி தொங்கக் கூடாது என்று விதி வைத்திருக்கின்றன, அவ்வளவு வெயில் அடிக்கிற டெக்ஸாஸில் வேட்டியை டிரையர் மிஷினுக்குள் போட்டு உலர்த்துவதைப் பார்த்தால் வயிறு எரியும்.

குளியலறையில் இரண்டு நாடும் ஒன்றுதான். தரையில் தண்ணீர் போக வழி இருக்காது. வாளியும் செம்புமாக வெளியே நின்று ஊற்றிக் குளித்தால் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும். தொட்டிக்குள் நின்று, திரையைத் தொட்டிக்கு உள்பக்கமாக விட்டுக் குளியுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற சனிக்கிழமை மட்டும் தொட்டியில் ரப்பர் பாய் போடச் சொல்லுங்கள், அந்த வழுக்கலில் இடுப்பெலும்பு போனால் பயணமே போச்சு.

வெளியே இறங்கினால்

காலையில் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் நாலு சுற்று நடந்து, டீ குடித்து, நாலு பேரிடம் பேசிவிட்டு வருகிறவருக்கு அமெரிக்கப் புறநகர் முதல் வாரம் ஜெயில்தான். நடைபாதை திடீரென்று முடிந்து ரோடு மட்டும் போகும், கடைக்கு நடக்க முடியாது, பஸ் வராது. மகள் வேலைக்குப் போனால் மாலை வரை வீட்டுக்குள்தான். எனவே போகும் முன்பே மகளிடம் சொல்லிவிடுங்கள்: நடந்து போகிற தூரத்தில் பூங்காவோ நூலகமோ எது இருக்கிறது என்று பார்த்து வைக்கட்டும். அங்குள்ள பொது நூலகம் இலவசம், நல்ல நாற்காலி, ஏசி, சில ஊர்களில் தமிழ்ப் புத்தகமும் உண்டு. சனி, ஞாயிறு கோயிலுக்குப் போனால் நம்ம ஆட்களைப் பார்க்கலாம், அந்த இரண்டு மணி நேரத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருக்கிற பெரியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஜெர்மனியில் அப்படியில்லை. பஸ், டிராம், ரயில் எல்லாம் நடக்கிற தூரத்தில். கார் ஓட்டத் தெரியாத, இங்கிலீஷும் அவ்வளவாகத் தெரியாத என் மதினி தன்னந்தனியாகக் கிளம்பி, மூன்று ஸ்டாப் தள்ளியுள்ள சந்தையில் தக்காளி வாங்கி வந்தாள். ஏறும் இடத்தில் தடுப்புக் கதவும் கிடையாது, கண்டக்டரும் கிடையாது. யாரும் பார்க்கவில்லையே என்று டிக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள், சாதாரண உடுப்பில் வருகிற பரிசோதகர் பிடித்தால் 60 யூரோ. சில ஊரில் டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது, அங்குள்ள சின்னப் பெட்டியில் நுழைத்து முத்திரை போடவும் வேண்டும். மாதம் முழுக்கச் சுற்றுவதென்றால் நாடு முழுவதும் உள்ளூர் ரயில், பஸ் எல்லாவற்றுக்கும் செல்லுகிற ஒரே சீட்டு 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கினார்கள், விலை பிறகு ஏறிவிட்டது, ஏறியும் லாபம்தான். சிவப்பு விளக்கு எரியும்போது ரோட்டில் ஒரு வண்டியும் இல்லாவிட்டாலும் நில்லுங்கள். பக்கத்தில் குழந்தை நின்றால் கட்டாயம் நில்லுங்கள், இல்லையென்றால் முன்பின் தெரியாத பாட்டி ஒருத்தி உங்களைத் திட்டுவாள்.

இரண்டு நாட்டிலும் வண்டி வலப்பக்கம் ஓடும். ரோடு கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள், நம்ம கழுத்து தானாக வலப்பக்கம்தான் திரும்பும்.

கடை, காசு, ஞாயிற்றுக்கிழமை

அமெரிக்கக் கடையில் அட்டையில் போட்ட விலை நீங்கள் கொடுக்கிற விலை இல்லை, பில் போடும்போது மாநில வரி சேரும். நியூஜெர்சியில் 6.625 சதவீதம், துணிமணிக்கு வரி இல்லை. டெக்ஸாஸில் எட்டே கால் வரை போகும். சில்லறையை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது வீண். ஐரோப்பாவில் அட்டையில் உள்ளதுதான் விலை, வரி உள்ளேயே அடங்கியது.

ஓட்டலில் டிப்ஸ் பெரிய சண்டை. அமெரிக்காவில் மேசைக்கு வந்து பரிமாறுகிற ஓட்டலில் 15 முதல் 20 சதவீதம் கொடுத்தே ஆக வேண்டும். டிப்ஸ் வாங்குகிற ஊழியருக்கு மத்தியச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர் அடிப்படைக் கூலி கொடுத்தாலே போதும் என்று வைத்திருக்கிறார்கள், மீதி நம்மிடமிருந்துதான் வர வேண்டும். சில மாநிலங்கள் கூட்டித் தருகின்றன. மருமகன் 50 டாலர் பில்லுக்குப் பத்து டாலர் வைப்பதைப் பார்த்து, ரூபாயில் பெருக்கி, மேசையிலிருந்து நோட்டைத் திரும்ப எடுத்துவிடாதீர்கள். நடந்திருக்கிறது. ஜெர்மனியில் 27 யூரோ என்றால் 30 என்று சொல்லிக் கொடுத்தால் போதும். அதே சமயம் அமெரிக்க ஓட்டலில் ஐஸ் போட்ட தண்ணீர் உட்கார்ந்ததும் சும்மா வரும், ஜெர்மனியில் தண்ணீருக்குக் காசு, அதுவும் சொல்லாவிட்டால் சோடா மாதிரி கேஸ் போட்டதைக் கொண்டுவருவார்கள். பொதுக் கழிப்பறைக்கும் பல இடத்தில் காசு கேட்பார்கள், சட்டைப்பையில் சில்லறை எப்போதும் இருக்கட்டும். சர்க்கரை உள்ளவர்கள் இதை இரண்டு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடை அடைப்பு. ரயில் நிலையக் கடை, பெட்ரோல் பங்க், காலையில் ரொட்டிக் கடை, அவ்வளவுதான். சனிக்கிழமை மாலைக்குள் பால், தயிர், காய்கறி வாங்கி வைத்துவிடுங்கள். அன்றைக்கு ஆணி அடிக்கக் கூடாது, டிரில் போடக் கூடாது, கண்ணாடிப் பாட்டிலைத் தெருத் தொட்டியில் போடும் சத்தம் கூடக் கூடாது. தினமும் ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரையும் அமைதி நேரம். நம்ம ஆட்கள் அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து மிக்ஸி போடுவதும், ஊருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் பேசுவதும் அங்கே நடக்காது. தண்ணீர் பாட்டிலை நசுக்கிக் குப்பையில் போடாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் முன்பணம் வாங்கியிருப்பார்கள், கடை மிஷினில் திருப்பிப் போட்டால் சீட்டு வரும், அந்தச் சீட்டைக் கல்லாவில் கொடுத்தால் பணம். ஓய்வுபெற்ற அண்ணாச்சிமார் இந்த வேலையில் இறங்கினால் வீட்டில் ஒரு பாட்டில் தங்காது.

உடம்புக்கு வந்தால்

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம், எனவே அது தானாக நடந்துவிடும். அமெரிக்க விசாவுக்கு அப்படிக் கேட்பதில்லை, அதனாலேயே சிலர் எடுக்காமல் போகிறார்கள். அங்கேதான் கட்டாயம் எடுக்க வேண்டும். அவசரப் பிரிவில் உங்களைப் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்று 1986 முதல் சட்டம் இருக்கிறது, ஆனால் பில் பின்னாலேயே வரும், ஆம்புலன்ஸுக்கும் தனியாக வரும். காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷர், இருதயக் கோளாறு எதுவரை அடங்கும் என்று மகளை உட்கார வைத்து எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். மாத்திரைகளை முழுப் பயணத்துக்கும், மருந்துச் சீட்டோடு, அட்டையிலிருந்து பிரிக்காமல், கைப்பையில் கொண்டுபோங்கள்.

அவசர எண் அமெரிக்காவில் 911, ஐரோப்பாவில் 112. ஜெர்மனியில் உயிர்ப் பிரச்சினை இல்லாமல் ராத்திரியில் டாக்டர் தேவை என்றால் 116117. பாராசிட்டமால் ஜெர்மனியில் மருந்துக் கடையில் மட்டும்தான், சீட்டில்லாமல் 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பெட்டிக்கு இருபதுக்கு மேல் தரமாட்டார்கள். அமெரிக்காவில் அதையே அசிட்டமினோஃபென் என்று எழுதி, சூப்பர் மார்க்கெட் அலமாரியில் நூற்றுக்கணக்கில் போட்ட டப்பாவாக விற்பார்கள். வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடாதீர்கள், ஈரல் போய்விடும். பேரனுக்குக் காய்ச்சல் என்றால் அமெரிக்கத் தெர்மாமீட்டர் 100.4 காட்டும், ஜெர்மனியில் 38 காட்டும். இரண்டும் ஒன்றுதான்.

பேரப்பிள்ளையும் பிள்ளைகளும்

ஜெர்மனியில் பிள்ளைகளை அடிப்பது 2000ஆம் ஆண்டிலிருந்து சட்டப்படி கூடாது, வீட்டுக்குள்ளும் கூடாது. அமெரிக்காவில் வீட்டில் தடை என்று பொதுச் சட்டம் இல்லை, ஆனால் ஆசிரியருக்கோ டாக்டருக்கோ சந்தேகம் வந்தால் அவர்கள் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். "செல்லமாத்தான் ஒரு தட்டுத் தட்டினேன்" என்பதையெல்லாம் நம்ம ஊரோடு விட்டுவிடுங்கள். ஜெர்மனியில் ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் முதுகில் பையோடு தனியாக நடந்து பள்ளிக்குப் போவதைப் பார்த்து மருமகளிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அங்கே அதுதான் வளர்ப்பு. அமெரிக்காவில் அந்த வயதுப் பிள்ளை தனியாகப் போனால் அக்கம்பக்கத்தார் போலீசுக்குப் போன் போடவும் கூடும்.

ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஏன் வரவில்லை என்ற சண்டையையும் இதோடு சேர்த்துத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வருடத்துக்கு நாலு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்பது சட்டம், பல கம்பெனிகள் அதற்கு மேலும் தருகின்றன. மகன் மூன்று வாரம் சேர்ந்தாற்போல வந்து, கொடையும் பார்த்து, குற்றாலமும் போய், தாமிரபரணியில் குளித்துவிட்டுப் போவான். அமெரிக்காவில் தனியார் வேலைக்கு விடுப்பு தர வேண்டும் என்று மத்தியச் சட்டமே இல்லை, கம்பெனி தருவதுதான். மகள் பத்து நாளில் ஓடி வந்து ஓடிப் போனால், அதிலும் ராத்திரி லேப்டாப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்தால், பாசம் குறைந்துவிட்டது என்று தெருவில் சொல்லித் திரியாதீர்கள்.

பேச்சு விஷயத்தில் அமெரிக்கர் லிஃப்டில் பார்த்தாலும் சிரித்து "எப்படி இருக்கீங்க" என்பார், பதிலுக்கு நின்று உங்கள் மூட்டு வலியைச் சொல்ல வேண்டியதில்லை, நம்ம ஊரில் "எங்க போறீய?" என்று கேட்கிற மாதிரிதான் அது. ஜெர்மன்காரர் ரோட்டில் சிரிக்கமாட்டார். கோபம் இல்லை, முகமே அப்படித்தான். ஆனால் மாடிப்படியில் எதிரே வந்தால் வணக்கம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால்தான் மரியாதை தெரியாதவர் என்பார்கள். குப்பையை மாற்றிப் போட்டுவிட்டீர்கள் என்று நேரில் வந்து சொல்வார், சொல்லிவிட்டு மறுநாள் உங்கள் பார்சலை அவரே வாங்கி வைத்திருப்பார். பாளையங்கோட்டைக்காரர்களுக்கு இந்த ஜாதி ஆட்கள் புதிதில்லை. 1820இல் இங்கே வந்து சேர்ந்து, ஊசிக்கோபுரக் கோயில் என்கிற கிறிஸ்தவ தேவாலயத்தைக் கட்டி, 1838இல் இங்கேயே கண்மூடிய மிஷனரி ரேனியஸ் ஐயர் பிரஷ்யாக்காரர், அதாவது அந்தக் கால ஜெர்மன்காரர்தான்.

யார் வீட்டுக்கும் சொல்லாமல் போகாதீர்கள், இது இரண்டு ஊருக்கும் பொது. ஜெர்மனியில் நாலு மணி என்றால் நாலு மணி, கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றத் தயாராகப் போங்கள், அது நமக்கு எளிது. அமெரிக்காவில் "ஆளுக்கு ஒரு பதார்த்தம்" என்று கூப்பிடுவார்கள், நீங்கள் புளியோதரை செய்து கொண்டுபோங்கள், காரத்தைக் குறைத்து, நிலக்கடலை போட்டிருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வையுங்கள். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் அங்கே இருக்கக் கூடும்.